தொடைப் பாக்கெட்டில் ஒன்றை இழுத்தால் ஒன்றுதான் வர வேண்டும்

ஸ்கூபா டைவ் முடிந்து மேலே வரும் வழியில், எஸ்எம்பியை (நீங்கள் இருக்கும் இடத்தைப் படகுக்குக் காட்ட ஊதி மேலே விடும் நீள மிதவைப் பை) எடுக்கத் தொடைப் பாக்கெட்டைத் திறக்கிறீர்கள். கையில் முதலில் அகப்படுவது மாற்று மாஸ்க்கின் ஸ்ட்ராப். அதை ஒதுக்கினால், எஸ்எம்பியைக் கட்டும் நூலுருளையான ஸ்பூலின் நூல் அதில் சுற்றிக்கொண்டு கூடவே வருகிறது. இரண்டையும் பிரிப்பதற்குள், எதிலும் மாட்டாமல் கிடந்த சின்ன டார்ச் நழுவி அடியில் போய்விடுகிறது. கவனமெல்லாம் கையில் இருந்ததால் ஆழமும் தப்பிவிட்டது. ஐந்து மீட்டரில் நிற்க வேண்டியவர் மூன்றில் இருக்கிறார். நீரோட்டம் அதன் வேலையைப் பார்த்துக்கொண்டே இருக்கிறது, படகு தள்ளிப் போய்க்கொண்டே இருக்கிறது.

பாக்கெட் சிறியது என்று நினைத்துப் பெரியதாக வாங்குபவர்கள் உண்டு. பெரிய பாக்கெட்டில் இது இன்னும் மோசமாக நடக்கும். உள்ளே கிடப்பவை ஒன்றையொன்று பிடித்துக்கொள்வதுதான் கோளாறு, இடப் பற்றாக்குறை இல்லை. எனவே கீழே வரும் வேலை முழுவதற்கும், அதாவது பழைய வெட்சூட்டில் பாக்கெட் ஷார்ட்ஸ் தைத்து அதில் பொருள்களை அடுக்குவதற்கு, சோதனை ஒன்றுதான்: பார்க்காமல், ஒரே கையால் ஒன்றை இழுத்தால் அது மட்டும் வர வேண்டும், மற்றவை இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும்.

புதுச்சேரி, அந்தமான், திருகோணமலை போன்ற இடங்களில் தண்ணீர் பெரும்பாலும் 27 முதல் 30 டிகிரி வரை இருக்கும். தடித்த சூட் தேவைப்படாது. ரேஷ் கார்டோ (தோலை உரசலிலிருந்து காக்கும் மெல்லிய சட்டை) மெல்லிய சூட்டோ போட்டு, அதன் மேல் பாக்கெட் வைத்த ஷார்ட்ஸ் போடுவதுதான் இங்கே வசதி. ஜிப் போய் மூலையில் கிடக்கும் பழைய 3 மி.மீ. வெட்சூட் ஒன்று இருந்தால் அதையே வெட்டி ஷார்ட்ஸ் ஆக்கிவிடலாம். சூட்டுக்கு மேல் போடுவதானால் உங்கள் அளவைவிட ஒரு அளவு பெரிய சூட்டை வெட்டுங்கள்.

ஜாக்கெட் பிசிடியில்தான் (காற்றை ஏற்றி இறக்கி மிதப்பைக் கட்டுப்படுத்தும் மேலங்கி) பாக்கெட் இருக்கிறதே என்று கேட்கலாம். அதில் காற்று ஏற ஏறப் பாக்கெட்டின் உள்சுவர் வெளியே தள்ளும், வாய் இறுகும். மேற்பரப்பில் மிதந்துகொண்டு எதையாவது எடுக்க நினைக்கும்போதுதான் பிசிடி முழுக்க ஊதியிருக்கும்; அதாவது மிகவும் தேவைப்படும் நேரத்தில்தான் அது திறக்காது. ஜிப் வேறு, மணல் ஏறினால் பாதியில் நிற்கும்.

பாக்கெட்டுக்குள் போகக் கூடாதவை

வெட்டும் கருவி முதலில். வங்காள விரிகுடாவிலும் மன்னார் வளைகுடாவிலும் பாறையில் சிக்கி அறுந்த வலைகள் சாதாரணம். தூண்டில் நரம்பு தண்ணீருக்குள் கண்ணுக்கே தெரியாது. வலையில் மாட்டினால் முதலில் மாட்டுவது டேங்க்கின் வால்வு அல்லது காலில் போடும் துடுப்பின் பக்கிள். திரும்பிப் பார்க்கும்போது தொடையும் கையும் சேர்ந்து மாட்டும். வலது கை மட்டும் எட்டும் வலது பாக்கெட்டில் கத்தி இருந்தால், அந்தக் கையே வலைக்குள் இருக்கும்போது அது இருந்தும் இல்லாததுதான். இடுப்புப் பட்டையில், பக்கிளுக்கு இடப்பக்கம், இரண்டு கைக்கும் எட்டும் இடத்தில் உறையோடு இருக்கட்டும். இரண்டாவது ஒன்று வைப்பதானால், சின்ன லைன் கட்டரை மணிக்கட்டில் கட்டும் டைவ் கம்ப்யூட்டரின் ஸ்ட்ராப்பில் கோத்துக்கொள்ளலாம்.

டார்ச்சும் ஹார்னஸில்தான் (டேங்க்கை உடம்போடு பிடிக்கும் பட்டைகள்). தோள்பட்டையில் உள்ள டி-ரிங் என்னும் உலோக வளையத்தில் மாட்டி, அதன் உடலைச் சைக்கிள் டியூப் வளையத்துக்குள் செருகிவிட்டால் அசையாது. விசில், பிசிடிக்குக் காற்று ஏற்றும் இன்ஃப்ளேட்டர் குழாயோடு. ஓ-ரிங் (காற்றுக் கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்), மாற்று மவுத்பீஸ், ஆலன் சாவி எல்லாம் படகில் வைக்கும் டப்பாவுக்கு உரியவை. தண்ணீருக்கடியில் ஓ-ரிங் மாற்றப் போவதில்லை; ஆனாலும் பலரது பாக்கெட்டில் அவை குலுங்குகின்றன.

மிச்சம் இருப்பது கொஞ்சம்தான். வலது பாக்கெட்டில் எஸ்எம்பியும் ஸ்பூலும், கூடவே உதிரியாக ஒரு டபுள் எண்டர் (இரண்டு முனையிலும் கொக்கி உள்ள உலோக மாட்டி). இடது பாக்கெட்டில் வெட்நோட்ஸ் (தண்ணீருக்குள் எழுதும் நோட்டு), மாற்று மாஸ்க். அதற்கு மேல் வைக்க ஏதாவது தோன்றினால், அதைப் பாக்கெட்டுக்குள் வரப்போகும் எந்த வளையத்தில் மாட்டுவீர்கள் என்று முதலில் கேளுங்கள். வளையம் இல்லாத பொருளுக்கு இடமும் இல்லை.

வாங்க வேண்டியவை

1000 டெனியர் கார்டுரா என்னும் தடித்த நைலான் துணி அரை மீட்டர், பை தைப்போருக்குச் சரக்கு விற்கும் கடைகளில் கிடைக்கும். 5 செ.மீ. அகல வெல்க்ரோ, சொரசொரப்பும் மென்மையும் தலா 40 செ.மீ. 25 மி.மீ. நைலான் பட்டை ஒன்றரை மீட்டர். 5 மி.மீ. பஞ்சி கயிறு (இழுத்தால் நீளும் ரப்பர் கயிறு) 2 மீட்டர். 2 மி.மீ. பின்னல் நைலான் கயிறு 5 மீட்டர். 10 மி.மீ. பித்தளைக் கண் (துணித் துளைக்கு அடிக்கும் வளையம்) நான்கு. பாலியெஸ்டர் அல்லது நைலான் நூல் ஒரு கண்டு. பருத்தி கலந்த நூல் உப்பில் இற்றுவிடும், வேண்டாம். 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் ஒற்றை முனைப் போல்ட் ஸ்னாப் (இழுத்துத் திறக்கும் உலோகக் கொக்கி) இரண்டு, 90 முதல் 100 மி.மீ. நீள டபுள் எண்டர் இரண்டு. இடுப்புக்கு உறுதியான நாடா ஒன்று.

ஸ்னாப்பில் காசு மிச்சம் பிடிக்கப் பார்த்துச் சாவிக்கொத்துக் காராபினர் வாங்காதீர்கள். அதன் கதவு உள்ளே மடங்கும் வகை. வலையோ நூலோ வந்து அழுத்தினால் தானே திறந்து, அதைக் கவ்விக்கொண்டு மூடிக்கொள்ளும். போல்ட் ஸ்னாப்பில் கட்டை விரலால் இழுத்தால்தான் வாய் திறக்கும். சுருள் கம்பி வைத்த ரிட்ராக்டரும் அப்படித்தான்: உள்ளே உப்பேறித் துருப்பிடித்தால் ஒன்று இழுக்காது, அல்லது இழுத்தது திரும்பாது.

இடம் குறித்தல்

துணியை வெட்டும் முன் இடத்தைக் குறியுங்கள். இதில் பிசகினால் தையல் எவ்வளவு நேர்த்தியாக இருந்தும் பயனில்லை.

வெட்சூட்டை மேலே தொப்புள் மட்டத்திலும், கீழே முழங்காலுக்கு 5 செ.மீ. மேலேயும் வெட்டுங்கள். போட்டுக்கொண்டு நின்று கையைத் தொங்கவிடுங்கள். மணிக்கட்டு எங்கே நிற்கிறதோ அதுதான் பாக்கெட் வாயின் மட்டம். அதற்குக் கீழே போனால் எடுக்கும் ஒவ்வொரு தடவையும் தோள் சாயும், உடல் கிடைமட்டத்திலிருந்து திரும்பும். மேலே போனால் இடுப்புப் பட்டையும் அதன் டி-ரிங்கும் மூடியை மறைக்கும். பட்டைக்கும் வாய்க்கும் நடுவே 10 செ.மீ. இருக்கட்டும். பாக்கெட் நேர் பக்கவாட்டில் வர வேண்டும். முன்னால் தள்ளினால் படகின் ஏணிப் படியில் இடிக்கும், பின்னால் தள்ளினால் கை எட்டாது.

இப்போது ஒரு பெஞ்சில் குப்புறப் படுத்து, முழங்காலை மடக்கி, தண்ணீருக்குள் இருக்கும் நிலைக்கு வந்து மறுபடி கையை வைத்துப் பாருங்கள். நின்றபோது சரியாக இருந்த குறி இப்போது விரல் அகலம் இரண்டாவது நகர்ந்திருக்கும். படுத்த நிலையில் கிடைத்த குறியே கடைசி முடிவு.

ஷார்ட்ஸ் உடம்பில் இருக்கும்போதே பாக்கெட்டின் நான்கு மூலையையும் சாக்பீஸால் குறியுங்கள். கழற்றியதும் அளந்தால் 19 செ.மீ. அகலமாகக் குறித்தது 17 சொச்சமாகச் சுருங்கியிருக்கும். அந்தச் சுருக்கத்தைத் தைக்கும்போது திரும்ப இழுத்துக் கொடுக்க வேண்டும். கொடுக்காமல் தைத்தால், நீளாத கார்டுரா, வெட்சூட்டின் நீளும் ரப்பரான நியோப்ரீனைக் கட்டிப்போடும். போட்டு உட்கார்ந்த முதல் தடவையே கீழ்த் தையல் விடும்.

வெட்டும் அளவும் தையலும்

தைத்து முடித்த பாக்கெட் 23 செ.மீ. உயரம், 19 செ.மீ. அகலம், 5 செ.மீ. கனம். ஒரு பாக்கெட்டுக்கு முன்பக்கத் துண்டு 22 க்கு 28 செ.மீ., இரண்டு பக்கத்தையும் அடியையும் சுற்றி வரும் சுவர்த் துண்டு 8 க்கு 70 செ.மீ., மூடிக்கு 24 க்கு 13 செ.மீ. அளவில் இரண்டு துண்டு. இரண்டு பாக்கெட்டுக்கும் சேர்த்து எல்லாம் இரண்டு மடங்கு. தையலுக்கு விட்ட ஒன்றரை செ.மீ. இதிலேயே அடக்கம். வெட்டிய விளிம்புகளை லைட்டர் சுடரில் லேசாகக் காட்டி உருக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் இழை பிரிந்து ஸ்பூல் நூலோடு பின்னிக்கொள்ளும்.

பின்சுவர் தனியாக இல்லை. ஷார்ட்ஸின் காலே பின்சுவர்.

துண்டுகள் தட்டையாக இருக்கும்போதே செய்து முடிக்க வேண்டியவை உண்டு. சுவர்த் துண்டில் அடிப்பாகமாக வரும் 19 செ.மீ. பகுதியில், இரு கோடியிலிருந்தும் 4 செ.மீ. தள்ளி ஒவ்வொரு பித்தளைக் கண். இதை அலங்காரம் என்று விட்டுவிடுபவர்கள் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்: 23 × 19 × 5 என்றால் 2.2 லிட்டர். ஏணியில் ஏறும்போது தண்ணீர் வடியாவிட்டால் ஒவ்வொரு தொடையிலும் இரண்டு கிலோவுக்கு மேல் தொங்கும். தையல் விடுவதும் ஷார்ட்ஸ் இறங்குவதும் அங்கேதான். குதிக்கும்போது உள்ளே மாட்டிய காற்று வெளியேறவும் அதே துளைதான் வழி. பித்தளைக் கண் கிடைக்காவிட்டால், முலாம் பூசிய இரும்புக் கண் வேண்டாம், சீக்கிரமே துருவைக் கக்கும். சூடான கம்பியால் துணியில் 8 மி.மீ. துளை இட்டால் விளிம்பு தானே உருகி அடைபடும்.

வெல்க்ரோவில் மென்மையான பக்கம் பாக்கெட்டின் முன்சுவருக்கு, சொரசொரப்புப் பக்கம் மூடிக்கு. மாற்றித் தைத்தால், பொருளை வெளியே இழுக்கும் வழியிலேயே சொரசொரப்பு உட்கார்ந்திருக்கும். நூல் ஒவ்வொரு தடவையும் அதில் உரசும். மூடி மேலே விலகிப் போய்விடும் என்பதால் அங்கே இருந்தால் தொல்லை குறைவு. 18 செ.மீ. நீளத்துக்கு வையுங்கள், சுற்றிலும் தைத்து நடுவில் குறுக்காகவும் ஒரு தையல். மூடியின் கீழ் விளிம்பு நடுவில் 8 செ.மீ. நைலான் பட்டையை மடித்துச் செருகினால் பிடித்து இழுக்க ஒரு காது கிடைக்கும். காது இல்லாத மூடியைக் கையுறையோடு திறந்து பாருங்கள், ஏன் வேண்டும் என்று தெரியும்.

அடுத்தது பஞ்சி வளையத்துக்கான பட்டைக் காது. ஒரு பாக்கெட்டுக்கு இரண்டு: முன்மூலையில் ஒன்று, பின்மூலையில் ஒன்று. 10 செ.மீ. பட்டையை இரண்டாக மடித்து, முன்சுவரும் பக்கச் சுவரும் சேரும் தையலுக்குள், வாய்க்கு 3 செ.மீ. கீழே, மடிப்பு உள்நோக்கி இருக்கும்படி செருகித் தையுங்கள். இந்த இடத்தில் மட்டும் முன்னும் பின்னுமாக நாலு தடவை ஓட்டுங்கள். காதை நியோப்ரீன் காலில் தைப்பவர்கள் உண்டு. சின்ன இடத்தில் இழுவை விழுந்தால் நியோப்ரீன் தபால் தலை போல ஊசித் துளை வழியே கிழியும். கார்டுராவோடு கார்டுரா சேரும் தையலில் அந்தப் பயம் இல்லை.

கார்டுரா வேலைக்கு 18 ஆம் எண் ஊசி, தையல் நீளம் 3 மி.மீ. போதும். வீட்டு மெஷின் திணறினால் செருப்போ பையோ தைப்பவரிடம் கொடுங்கள், சில நிமிட வேலை.

காலில் பொருத்துவதுதான் நேரம் பிடிக்கும். குழாயாக இருக்கும் காலை மெஷினுக்குள் நுழைக்க முடியாது. உள்தொடைத் தையலைப் பிரித்துத் தட்டையாக விரித்துக்கொள்ளுங்கள். சுவர்த் துண்டின் விளிம்பை ஒன்றரை செ.மீ. வெளிப்பக்கம் மடித்து, மூலைக்கு மூலை குண்டூசியால் பிடித்து, விளிம்பிலும் காலிலும் நியோப்ரீன் பசையை மெல்லிய இரண்டு பூச்சாகப் பூசி, ஒவ்வொரு பூச்சும் தொட்டால் ஒட்டாத பதத்துக்குக் காய்ந்த பின் சேர்த்து அழுத்துங்கள். வெட்சூட் பசை கிடைக்காத ஊரில் செருப்புத் தைப்போர் பயன்படுத்தும் செயற்கை ரப்பர் பசை உதவும். சைக்கிள் பஞ்சர் சொல்யூஷன் உதவாது. பசை வெறும் பிடிமானத்துக்குத்தான், பாரத்தைத் தாங்குவது தையல்.

நெடுக்காக வரும் இரண்டு பக்கத்துக்கும் நேர்த்தையல் இரட்டை வரிசை போதும், அந்தத் திசையில் கால் அதிகம் நீளாது. குறுக்காக வரும் அடித் தையலும் மூடியின் மேல் தையலும் மட்டும் ஜிக்ஜாக்காக இருக்க வேண்டும், நியோப்ரீனைக் குறி வரை இழுத்துப் பிடித்துக்கொண்டே ஓட்ட வேண்டும். ஊசி 16 ஆம் எண். மெஷினின் பாதம் நியோப்ரீனில் ஒட்டி நகர மறுத்தால் நடுவில் மெல்லிய தாளை வைத்துத் தைத்துவிட்டுப் பிறகு கிழித்து எடுங்கள். ஜிக்ஜாக் இல்லாத பழைய மெஷின் என்றால் இந்த இரண்டு வரியையும் கையால் சாய்தையலாகப் போடலாம். மூடியை வாய்க்கு 2 செ.மீ. மேலே தையுங்கள், ஒட்டித் தைத்தால் பாக்கெட் நிறைந்தபோது வெல்க்ரோவும் வெல்க்ரோவும் சந்திக்காது.

கடைசியாக உள்தொடையை மூடுங்கள், பசை, பிறகு சாய்தையல். இடுப்பை 4 செ.மீ. மடித்துத் தைத்து, நாடாவை ஊக்கில் மாட்டிக் கோத்துவிடுங்கள். எலாஸ்டிக் மட்டும் போதாது, நனைந்த பாக்கெட் அதை இழுத்துவிடும்.

வளையமும் ஸ்னாப்பும்

பஞ்சி கயிற்றில் 30 செ.மீ. வெட்டி, வெட்டிய முனையை உருக்கி, இரண்டு முனையையும் சேர்த்துப் பிடித்து இரண்டு சுற்று விட்டு முடிச்சிடுங்கள். முடிச்சுக்கு வெளியே 2 செ.மீ. வால் இருக்கட்டும். இடுக்கியால் பிடித்து இறுக்குவது அவசியம். கையால் இறுக்கிய பஞ்சி முடிச்சு நனைந்து நீண்டு சுருங்கிச் சுருங்கித் தானே அவிழும். வளையத்தைப் பட்டைக் காதுக்குள் நுழைத்து, அதன் ஒரு கோடியை மறுகோடியினூடே இழுத்தால் இறுகிக்கொள்ளும். சுமார் 9 செ.மீ. மிஞ்சும். இழுத்தால் வாய்க்கு வெளியே ஒரு சாண் நெருங்க வரும். விட்டால் உள்ளே போய்விடும்.

அந்த நீளத்தை நினைத்தபடி கூட்ட வேண்டாம். நீண்ட வளையத்தில் மாட்டிய பொருள் பாக்கெட்டுக்கு வெளியே விழுந்தால், நீங்கள் கவனிக்காமலேயே அது பவளத்தைச் சுரண்டிக்கொண்டு வரும். குட்டையாக இருந்தால் ஸ்னாப்பைக் கழற்றக் கை பாக்கெட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும், கண்ணால் பார்க்க முடியாது. பாக்கெட்டின் அடியில் வளையம் தைத்து விற்கும் ஷார்ட்ஸும் கடையில் உண்டு. அடியில் மாட்டினால் ஸ்னாப்பைத் தேடி எல்லாவற்றையும் கிளற வேண்டும். பிரச்சினை தொடங்கிய இடத்துக்கே திரும்பியதாகும்.

பொருளில் ஸ்னாப் கட்டும்போது உலோகத்தை உலோகத்தோடு நேரே கோக்காதீர்கள். நடுவில் வெட்டக்கூடிய கயிறு இருந்தாக வேண்டும், ஸ்னாப் இறுகிப்போனால் கத்தியால் அறுத்துக்கொள்ளலாம். 2 மி.மீ. பின்னல் நைலானில் 40 செ.மீ. எடுத்து, ஸ்னாப்பின் கண்ணிலும் பொருளின் துளையிலும் மூன்று தடவை சுற்றி, அந்தச் சுற்றுகளின் இடுப்பில் குறுக்காக இரண்டு சுற்றுப் போட்டு இறுக்கி, வலம் மேல் ஒன்று இடம் மேல் ஒன்றாக முடிச்சிடுங்கள். முனையை அரை செ.மீ. விட்டு வெட்டி, உருக்கி, சூடு இருக்கும்போதே ஸ்னாப்பின் பக்கவாட்டால் அழுத்தித் தட்டையாக்குங்கள். விரலால் அழுத்தினால் உருகிய நைலான் தோலோடு வரும். பொருளுக்கும் ஸ்னாப்புக்கும் இடைவெளி ஒன்றிரண்டு செ.மீ. தாண்டக் கூடாது. கயிற்றுக்குப் பதில் கேபிள் டை போட்டால் வெயிலில் நொறுங்கும், வெட்டிய முனை எஸ்எம்பியைக் கீறும். தூண்டில் நரம்பு வழுக்கும், முடிச்சு நிற்காது.

வலது பாக்கெட்

எஸ்எம்பி 1.2 மீட்டர் உயரம், தட்டையாக வைத்தால் 15 செ.மீ. அகலம் உள்ளதை எடுத்துக்கொள்வோம். ஊதினால் சுமார் 8.6 லிட்டர். மேற்பரப்பில் நிறைந்து நிற்க, ஐந்து மீட்டரில் அதில் மூன்றில் இரண்டு பங்கு, கிட்டத்தட்ட 5.7 லிட்டர் வேண்டும், அதாவது இரண்டு மூச்சு. பதினைந்து மீட்டரில் அழுத்தம் இரண்டரை மடங்கு, 3.4 லிட்டர் போதும், நல்ல மூச்சு ஒன்று. மேலே போகப் போக மிச்சத்தைக் கடலே விரித்துக் கொடுக்கும். ஸ்பூலில் 30 மீட்டர் நூல் இருக்கட்டும், நீரோட்டத்தில் நூல் சாய்ந்துதான் போகும்.

எஸ்எம்பியைத் தட்டையாக விரித்து நெடுக்கில் இரண்டாக மடித்து, மூடிய தலைப்பக்கத்திலிருந்து வாய்ப்பக்கம் நோக்கி இறுக்கமாகச் சுருட்டுங்கள். மிச்சக் காற்று வாய் வழியே வெளியேறும். எடுத்துப் பிரிக்கும்போது வாயும் கட்டும் வளையமும் முதலில் கைக்கு வரும். எதிர்ப்பக்கமாகச் சுருட்டினால் காற்று உள்ளே மாட்டி, ஆழத்தில் இறுகி, ஏறும்போது உப்பிப் பாக்கெட்டை அடைத்துக்கொள்ளும். சுருளைச் சைக்கிள் டியூப்பில் ஒரு செ.மீ. அகலத்துக்கு வெட்டிய வளையத்தால் பிடித்துவிடுங்கள்.

ஸ்பூலைத் தனியாக வைத்துக் கீழே போய்க் கோப்பதா, முன்கூட்டியே கோத்து வைப்பதா என்பதில் இரு கட்சி உண்டு. குகைக்குள்ளோ சிதைந்த கப்பலுக்குள்ளோ ஸ்பூலுக்கு வேறு வேலையும் இருக்கும், தனியாக இருப்பது நியாயம். திறந்த கடலில் நீரோட்டத்தில் மேலே வருபவருக்கு ஸ்பூலின் வேலை எஸ்எம்பி ஒன்றுதான். முன்கூட்டியே கோத்து ஒரே பொட்டலமாக வைப்பதே மேல். நூல் முனையில் 20 செ.மீ. வளையம் கட்டி, எஸ்எம்பியின் அடி வளையத்தில் நுழைத்து, அதற்குள் முழு ஸ்பூலையும் நுழைத்து இழுங்கள். நூலின் கடைசிச் சுற்றை ஸ்பூலின் ஒரு துளை வழியே மடக்கி எடுத்து, டபுள் எண்டரின் ஒரு முனையை அந்த மடக்கிலும் துளையிலும் சேர்த்து மாட்டினால் நூல் தானாக அவிழாது. டபுள் எண்டரின் மறுமுனை முன் வளையத்தில்.

எடுக்கும் வரிசை: மூடியைத் திற, டபுள் எண்டரை வளையத்திலிருந்து கழற்று, பொட்டலத்தை நெஞ்சுக்கு முன்னால் கொண்டுவா, மூடியை அமுக்கு. பிறகுதான் டபுள் எண்டரை ஸ்பூலிலிருந்து கழற்றி வலது தோள் டி-ரிங்கில் மாட்ட வேண்டும், மேலே போன பின் நூலைப் பூட்ட அது தேவைப்படும். ஊத ஆரம்பித்த பின் ஸ்பூல் உங்கள் உடம்பில் எங்கும் மாட்டியிருக்கக் கூடாது. நூல் சிக்கினால் எட்டு கிலோ தூக்கும் விசை உங்களையும் சேர்த்து மேலே கொண்டுபோகும். கையில் மட்டும் இருந்தால் விட்டுவிடலாம்.

பின் வளையத்தில் உதிரி டபுள் எண்டர். இரண்டு ஸ்னாப்பின் கதவும் ஒரே பக்கம் பார்த்தால் ஒன்றின் கொக்கி மற்றதைக் கவ்வும். ஒன்றை வெளியே பார்த்தும் மற்றதைத் தொடையைப் பார்த்தும் மாட்டுங்கள்.

இடது பாக்கெட்

முன் வளையத்தில் வெட்நோட்ஸ், முதுகுப் பக்கம் மேலே இருக்கும்படி. பென்சிலை 15 செ.மீ. கயிற்றில் கட்டி முதுகுச் சுருளுக்குள் செருகுங்கள். சைகைக் கண்ணாடி மேற்பரப்பில் மட்டும் தேவைப்படுவது, அதற்குத் தனி ஸ்னாப் வேண்டாம். வெட்நோட்ஸ் உறையின் உள்பையில் போட்டுக் கயிற்றால் கட்டிவிடலாம்.

பின் வளையத்தில் மாஸ்க். சட்டம் இல்லாத, உள்ளளவு குறைந்த வகையே பாக்கெட்டுக்குப் பொருந்தும். ஸ்ட்ராப்பை உங்கள் தலைக்கு முன்பே சரிசெய்து, மடக்கி மாஸ்க்கின் குழிக்குள் அடக்கி, கண்ணாடி தொடையைப் பார்க்க வையுங்கள். ஸ்னாப்பை ஸ்ட்ராப்பின் பக்கிளுக்கு அருகில் கட்டினால் போட்டுக்கொண்டபோது முகத்தில் இடிக்காது. பலரும் விட்டுவிடுவது ஒன்று உண்டு: புது மாஸ்க் கண்ணாடியின் உட்பக்கத்தில் தயாரிப்பின்போது படியும் படலத்தைப் பற்பசை போட்டுத் தேய்த்து எடுக்க வேண்டும். அன்றாட மாஸ்க்கை எல்லாரும் தேய்ப்பார்கள், மாற்று மாஸ்க்கை உறையோடு பாக்கெட்டில் போட்டுவிடுவார்கள். தேவைப்படும் அன்று போட்டதும் மூடுபனி. ஒரு டைவ் முழுக்க அதையே போட்டுப் பார்த்த பின்தான் அது மாற்று மாஸ்க்.

சோதனையும் பராமரிப்பும்

முதலில் தரையில் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்து, திரும்ப மாட்டி, மூடியை அடையுங்கள். எடுப்பது எளிது, திரும்ப மாட்டுவதில்தான் குறை தெரியும். வளையத்தைத் தேடி விரல் அலைந்தால் காது ஆழமாகத் தைக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். பிறகு பெஞ்சில் குப்புறப் படுத்து, பிறகு நீச்சல் குளத்தில், ஆழம் மாறாமல். படகில் பின்புறமாகச் சாய்ந்து விழுந்த உடனே இரண்டு மூடியையும் உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டிவிடுங்கள். தண்ணீர் மோதும் வேகத்தில் வெல்க்ரோவின் ஓரம் பிரிவது சகஜம்.

வெல்க்ரோவில் மணல் ஏறினால் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் நல்ல தண்ணீரில் தேயுங்கள். ஸ்னாப்பை நல்ல தண்ணீருக்குள் வைத்து அதன் கதவைப் பத்துப் பதினைந்து தடவை இழுத்து விடுங்கள், வெளியே கழுவினால் உள்ளே இருக்கும் உப்பு போகாது. ஏற்கெனவே இறுகியிருந்தால் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்த வினிகரில் அரை மணி நேரம் ஊறப்போட்டு நன்றாகக் கழுவலாம். எஸ்எம்பியைச் சுருட்டியபடி காயவிட்டால் மடிப்பில் பூஞ்சை பிடிக்கும், விரித்துத் தொங்கவிடுங்கள். ஸ்பூல் நூலையும் முழுக்க அவிழ்த்து இழுவையோடு திரும்பச் சுற்றுங்கள். மாஸ்க்கை ஏப்ரல், மே வெயிலில் படகுத் தளத்தில் விட்டால் சிலிக்கோன் ஓரம் மடங்கிய வடிவிலேயே நின்றுவிடும், பிறகு தண்ணீர் கசியும்.

பஞ்சி வளையம் முதலில் சாகும். இழுத்துவிட்டால் சட்டென்று சுருங்காமல் மெதுவாகப் போனாலோ, உறை பிய்ந்து உள்ளே ரப்பர் இழை தெரிந்தாலோ நான்கையும் சேர்த்து மாற்றிவிடுங்கள். வாங்கிய 2 மீட்டரில் 80 செ.மீ. மிச்சம் இருக்கும், இரண்டு வளையத்துக்கு வரும்; இன்னும் ஒரு அரை மீட்டர் வாங்கிப் படகு டப்பாவில் போட்டு வைத்தால் நான்குக்கும் ஆகும்.